வென்ற தட்டும் வேண்டிய தட்டும்

பேராவூரணியிலிருந்து சேதுபாவாசத்திரம் செல்லும் சாலையோரத்தில் ஒரு கடலைக் கொல்லை இருக்கிறது. அங்கே கயிறு கட்டி, பழைய சி.டி. தட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். காற்றில் அவை சுழலும்போது வெயில் பட்டுப் பளிச்சிடும். பறவைகள் மிரண்டு விலகும். அவ்வழியே என்னுடன் நடந்துவந்த பக்கத்து வீட்டுத் தம்பி, ஒன்பதாம் வகுப்பு மாணவன், அவற்றைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "சார், சி.டி., டி.வி.டி., புளூ-ரேன்னு சொல்றாங்களே, அதுல எது சார் ரொம்ப நல்லது?"

நல்ல கேள்வி. இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் நான் உடனே "புளூ-ரேதான்" என்று விடை சொல்லியிருக்கலாம். அது தவறும் அன்று. ஆனால் எனக்கு அந்த விடை போதவில்லை. "நல்லது" என்றால் யாருக்கு நல்லது, எங்கே நல்லது, எத்தனை நாளைக்கு நல்லது என்று கேட்காமல் விடை சொல்வது அறிவியல் ஆகாது என்பது என் கருத்து. அந்தக் கருத்தைத்தான் இளம் நண்பர்களாகிய உங்கள் முன் இங்கே வைக்கப்போகிறேன். என்னோடு உடன்படாவிட்டாலும் பரவாயில்லை. கணக்கை மட்டும் நீங்களே போட்டுப் பாருங்கள்.

தண்டவாளம் சொல்லும் பாடம்

முதலில் எங்கள் ஊர் ரயிலடிக்கு வாருங்கள். திருவாரூர் - காரைக்குடிப் பாதையில் அமைந்தது பேராவூரணி நிலையம். நான் சிறுவனாக இருந்தபோது அது மீட்டர் கேஜ் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே சரியாக 1 மீட்டர். பிராட் கேஜ் எனப்படும் அகலப் பாதையிலோ அந்த இடைவெளி 1.676 மீட்டர். இந்த 67.6 சென்டிமீட்டர் வேறுபாட்டால் ஒரு பாதையின் பெட்டி மற்றொரு பாதையில் ஓட இயலாது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2012ஆம் ஆண்டு எங்கள் ரயில் நிறுத்தப்பட்டது. காரைக்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையே 2018இல் மீண்டும் ரயில் வந்தது. 2019இல்தான் திருவாரூர் வரை முழுப்பாதையும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எங்கள் ஊர் மாணவர்கள் ரயிலைப் படத்தில்தான் பார்த்தார்கள்.

ஒரே வேலையைச் செய்யும் இரண்டு அளவுமுறைகள் தனித்தனியே வளர்ந்துவிட்டால், பின்னாளில் அவற்றை ஒன்றாக்கும் செலவையும் காத்திருப்பையும் கடைசியில் இருப்பவனே சுமக்கிறான். கல்லணைக் கால்வாயின் கடைமடையில் வாழும் எங்களுக்கு இது புதிய செய்தி அன்று. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எங்கள் வயலுக்குத்தானே கடைசியில் வருகிறது?

ரயில் பாதையில் நடந்தது, வீட்டில் படம் பார்க்கும் தட்டிலும் நடந்தது. 2006 முதல் 2008 வரை உலகில் இரண்டு தட்டுகள் மோதிக்கொண்டன. ஒன்று புளூ-ரே. மற்றொன்று எச்.டி. டி.வி.டி. இரண்டும் 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டுகள். இரண்டும் ஊதா நிற லேசரால் படிக்கப்படுபவை. ஆனால் ஒன்றை மற்றொன்றின் கருவியில் போட்டால் படம் வராது. அப்படி என்ன வேறுபாடு? பார்ப்போம்.

ஒளியின் ஊசிமுனை

ஒளித்தட்டு என்பது என்ன? பாலிகார்பனேட் என்னும் தெளிந்த நெகிழியில், சுருள் வடிவத் தடத்தில், மிக நுண்ணிய குழிகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. அவற்றின்மேல் ஓர் ஒளிதெறிக்கும் உலோகப் பூச்சு. லேசர் ஒளியை லென்சு ஒன்று புள்ளியாகக் குவித்து அந்தத் தடத்தின்மேல் வீழ்த்துகிறது. குழியிலிருந்தும் சமதளத்திலிருந்தும் திரும்பி வரும் ஒளியின் அளவு வேறுபடுகிறது. அந்த வேறுபாடே எண்களாகவும், எண்கள் படமாகவும் ஒலியாகவும் மாறுகின்றன.

ஆகவே ஒளிப்புள்ளி எவ்வளவு சிறியதோ, அவ்வளவு நுண்ணிய குழிகளைப் படிக்கலாம். அவ்வளவு அதிகச் செய்தியைத் தட்டில் அடைக்கலாம். ஆனால் ஒளியை நாம் விரும்பும் அளவுக்குச் சிறிதாக்கிவிட முடியாது. ஒளி ஓர் அலை. விளிம்பு விளைவு காரணமாக, குவிந்த புள்ளிக்கு ஒரு குறைந்த அளவு உண்டு. அந்த அளவு இரண்டைப் பொறுத்தது. ஒன்று, ஒளியின் அலைநீளம். மற்றொன்று, லென்சு ஒளியை எவ்வளவு அகன்ற கூம்பாகக் குவிக்கிறது என்பது. இதனை எண்ணியல் துளை என்னும் ஓர் எண்ணால் குறிப்பார்கள். அலைநீளம் குறையக் குறையவும், எண்ணியல் துளை கூடக் கூடவும் புள்ளி சிறிதாகும்.

இப்போது எண்களைப் பாருங்கள்.

1982இல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் அலைநீளம் 780 நானோமீட்டர். எண்ணியல் துளை 0.45, அடுத்தடுத்த தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரான்.

1996இல் வந்த டி.வி.டி.யில் அலைநீளம் 650 நானோமீட்டர். எண்ணியல் துளை 0.60, தட இடைவெளி 0.74 மைக்ரான், ஓர் அடுக்கில் 4.7 கிகாபைட்.

எச்.டி. டி.வி.டி.யில் அலைநீளம் 405 நானோமீட்டர். எண்ணியல் துளை 0.65, தட இடைவெளி 0.40 மைக்ரான், ஓர் அடுக்கில் 15 கிகாபைட்.

புளூ-ரேயில் அலைநீளம் அதே 405 நானோமீட்டர். எண்ணியல் துளை 0.85, தட இடைவெளி 0.32 மைக்ரான், ஓர் அடுக்கில் 25 கிகாபைட்.

இரு போட்டியாளர்களுக்கும் லேசர் ஒன்றே. காலியம் நைட்ரைடு என்னும் குறைகடத்தியிலிருந்து நீல ஒளியைப் பெறும் வழியைக் கண்ட ஜப்பானிய அறிஞர்களின் உழைப்பே இதற்கு அடிப்படை. நீல ஒளி உமிழ் டையோடுக்காக அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றதை நீங்கள் படித்திருப்பீர்கள். எனவே வேறுபாடு லென்சில்தான். 0.85ஐ 0.65ஆல் வகுத்து, வந்த விடையை வர்க்கப்படுத்துங்கள். ஏன் வர்க்கம்? தட்டின் பரப்பில் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் புள்ளி சிறிதாவதால். விடை ஏறத்தாழ 1.7. இனி 25ஐ 15ஆல் வகுங்கள். அதுவும் ஏறத்தாழ 1.7! விளம்பரத்தில் அச்சிட்ட எண்ணுக்குப் பின்னால் ஒரு லென்சின் கூம்பு ஒளிந்திருப்பது இப்போது புரிகிறதா?

அப்படியானால் எச்.டி. டி.வி.டி.க்காரர்களும் 0.85 லென்சையே வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு விலை உண்டு. தட்டு சுழலும்போது சிறிது சாயும். சாய்ந்த நெகிழி வழியே செல்லும் ஒளிப்புள்ளி வால்மீன்போல ஒரு பக்கம் இழுபடும். இந்தப் பிழை எண்ணியல் துளையின் மும்மடிக்கும், மேலுள்ள நெகிழியின் தடிமனுக்கும் ஏற்ப வளரும். டி.வி.டி.யைப் போல 0.6 மில்லிமீட்டர் நெகிழிக்கு அடியில் தடத்தை வைத்துக்கொண்டு 0.85 லென்சைப் பயன்படுத்தினால், பிழை எச்.டி. டி.வி.டி.யைவிட 2 மடங்குக்குமேல் ஆகிவிடும். ஆகவே புளூ-ரே பொறியாளர்கள் தடத்தை மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே வைத்தார்கள். அவ்வளவு மெல்லிய மூடி எளிதில் கீறிவிடும் என்பதால் கடினமான பூச்சு ஒன்றையும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தட்டு அச்சிடும் ஆலைகளிலும் புதிய இயந்திரங்கள் வேண்டியிருந்தன. எச்.டி. டி.வி.டி.யோ பழைய 0.6 மில்லிமீட்டர் அமைப்பையே வைத்துக்கொண்டது. டி.வி.டி. அச்சிட்ட ஆலைகளையே சிறிது மாற்றிப் பயன்படுத்தலாம், செலவு குறைவு.

ஆக, ஒருவர் கொள்ளளவைத் தேர்ந்தார்; மற்றவர் சிக்கனத்தைத் தேர்ந்தார். இரண்டும் நேர்மையான பொறியியல் முடிவுகளே. இதில் ஒருவரை அறிவாளி என்றும் மற்றவரை அறிவிலி என்றும் சொல்ல இடமில்லை.

போரை முடித்தது யார்?

புளூ-ரே பக்கம் சோனி, பிலிப்ஸ், பானசோனிக் முதலிய நிறுவனங்கள் நின்றன. எச்.டி. டி.வி.டி. பக்கம் தோஷிபா, என்.இ.சி., மைக்ரோசாஃப்ட் முதலியவை நின்றன. அமெரிக்கப் படநிறுவனங்களும் இரண்டாகப் பிரிந்தன. ஒரு படம் இந்தத் தட்டில் மட்டும், மற்றொரு படம் அந்தத் தட்டில் மட்டும் என்ற நிலை. 2005இல் இரு தரப்பும் ஒன்றுபடப் பேசிப் பார்த்தன, பேச்சு முறிந்தது. 2006இல் இரண்டும் கடைக்கு வந்துவிட்டன.

முடிவு எப்படி வந்தது? 2006 நவம்பரில் சோனி தன் மூன்றாவது பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவியில் புளூ-ரே படிப்பானைச் சேர்த்தே விற்றது. விளையாட வாங்கியவர் வீட்டிலெல்லாம் புளூ-ரேயும் புகுந்தது. 2008 ஜனவரி 4ஆம் நாள் வார்னர் நிறுவனம் இனிமேல் புளூ-ரே மட்டுமே என்று அறிவித்தது. பெரிய கடைகளும் அப்பக்கம் சாய்ந்தன. அதே ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் தோஷிபா எச்.டி. டி.வி.டி.யைக் கைவிட்டது. விற்பனைக்கு வந்து இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை!

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு தட்டுகளும் திரையில் தந்த படம் ஒரே அளவுதான்: 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம். படத்தைச் சுருக்கிப் பதியும் முறைகளும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. திரைக்கு முன்னால் அமர்ந்தவர் எந்தத் தட்டு ஓடுகிறது என்று கண்டுபிடித்திருக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வேறுபாட்டுக்காக நடந்த போர் அது. தோற்ற தட்டை நம்பிக் கருவி வாங்கியவர்கள்தாம் உண்மையில் நட்டப்பட்டவர்கள். "போட்டி நடந்தால்தானே பொருள் மலிவாகும்?" என்பார்கள் சிலர். உண்மைதான். ஆனால் அது ஒரே தட்டுக்குக் கருவி செய்யும் பல நிறுவனங்களுக்கு இடையே நடக்கும் போட்டிக்குப் பொருந்தும். தட்டே இரண்டாகிப்போனால் வாங்குபவர் கருவியைத் தேர்ந்தெடுக்கவில்லை, சூதாடுகிறார்.

இப்படித்தான் நடந்தாக வேண்டும் என்றும் இல்லை. 1995இல் டி.வி.டி. பிறக்கும்போதும் இரண்டு கட்சிகள் இருந்தன. அன்று கணினி நிறுவனங்கள், "ஒரே முறையாகக் கொண்டுவாருங்கள்" என்று வற்புறுத்தின. ஒரு கட்சியின் தட்டு அமைப்பையும் மற்றொரு கட்சியின் குறிமுறையையும் சேர்த்து டி.வி.டி.யை உருவாக்கினார்கள். அதனால்தான் எந்த நிறுவனத்தின் கருவியிலும் டி.வி.டி. ஓடியது. பத்தே ஆண்டுகளில் அந்த நல்ல பாடத்தை மறந்தார்கள் என்பதே என் குறை.

14 அங்குலக் கணக்கு

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இந்தப் போர் தொடங்கிய அதே 2006இல், இங்கே தமிழ்நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? தமிழ்நாடு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டிகள் வீடுதோறும் வந்தன. எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு அதுவே முதல் வண்ணத் தொலைக்காட்சி. அதனோடு சேர்த்து மக்கள் வாங்கியது புளூ-ரே அன்று, எச்.டி. டி.வி.டி.யும் அன்று. 1993இல் வகுக்கப்பட்ட வி.சி.டி.யைத்தான் வாங்கினார்கள். சாதாரண சி.டி. தட்டிலேயே படத்தைப் பதியும் முறை அது. படப்புள்ளிகள் 352க்கு 288 மட்டுமே. ஒரு தட்டில் 74 நிமிடம். ஆகவே ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு, மூன்று தட்டு. 2007 வாக்கில் மோசர் பேயர் என்னும் இந்திய நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது. மளிகைக் கடையிலும் படம் கிடைத்தது.

"பாவம், கடைமடைக்காரர்களுக்கு மட்டமான தட்டுதான் கிடைத்தது" என்று எண்ணத் தோன்றுகிறதா? அவசரப்படாதீர்கள். கணக்குப் போடுவோம்.

நல்ல கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறிய முடியும். பத்தடி, அதாவது 3 மீட்டர் தொலைவில் அந்தக் கோணம் எவ்வளவு நீளம்? ஏறத்தாழ 0.87 மில்லிமீட்டர். இதைவிட நெருக்கமான இரண்டு புள்ளிகளைக் கண் ஒன்றாகவே காணும். இனி, 14 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 213 மில்லிமீட்டர். வி.சி.டி.யின் 288 வரிகளால் வகுத்தால் ஒரு வரிக்கு 0.74 மில்லிமீட்டர். 0.87ஐவிடக் குறைவு! குறுக்குவாட்டில் பார்த்தாலும் ஒரு புள்ளிக்கு 0.81 மில்லிமீட்டர்தான். அதாவது, கூடத்தில் பாய் விரித்துப் பத்தடி தள்ளி அமர்ந்து பார்த்த குடும்பத்துக்கு, வி.சி.டி.யின் வரிகளே கண்ணின் எல்லைக்குள் அடங்கிவிட்டன. அந்தப் பெட்டியில் புளூ-ரேயைப் போட்டிருந்தாலும், கூடுதலாகக் கிடைக்கும் 20 மடங்கு புள்ளிகள் வீண்தான்.

வேகமான சண்டைக் காட்சியில் வி.சி.டி. படம் கட்டம் கட்டமாக உடையும் என்பதை மறைக்கமாட்டேன். அது அளவுமீறிச் சுருக்கியதால் வரும் குறை. ஆனால் "தெளிவு போதாது" என்ற புகாருக்கு அந்தக் கூடத்தில் இடமில்லை. எங்கள் ஊர் மக்கள் சூத்திரம் எழுதிப் பார்க்கவில்லை. ஆயினும் சரியான தட்டையே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அதற்காக, "உங்களுக்கு இது போதும்" என்று யாரும் கடைமடைக்குச் சொல்ல நான் இடம் தரமாட்டேன். இன்று அதே கூடத்தில் 43 அங்குலப் பெட்டி இருக்கலாம். அதன் உயரம் ஏறத்தாழ 535 மில்லிமீட்டர். வி.சி.டி. வரி ஒன்று 1.86 மில்லிமீட்டராகப் பருத்துவிடும். பத்தடியிலும் கண் அதைப் பிடித்துவிடும். டி.வி.டி.யின் 576 வரிகளுக்கு 0.93 மில்லிமீட்டர், கண்ணின் எல்லையை ஒட்டியது. உயர்தெளிவுப் படத்தின் 1080 வரிகளுக்கோ 0.50 மில்லிமீட்டர்தான். அதன் முழுப்பயனையும் பெற வேண்டுமானால் ஐந்தரை அடிக்குள் அமர வேண்டும்! வீட்டில் அளவுநாடாவை எடுத்து, நீங்கள் அமரும் இடத்தை அளந்து பாருங்கள். கடைக்காரர் சொல்வதைவிட உங்கள் அளவுநாடா உண்மை பேசும்.

ஆகவே தேவை மாறும், தட்டும் மாறும். மாறும்போது பழையது கைவிடப்படக் கூடாது என்பதே முக்கியம். டி.வி.டி. கருவி வி.சி.டி.யையும் படித்தது. புளூ-ரே கருவி டி.வி.டி.யையும் படிக்கிறது. புதிய கருவி பழைய தட்டை மதிக்க வேண்டும் என்று பொறியாளர்கள் எண்ணினார்களே, அதைத்தான் நான் 25 கிகாபைட்டைவிடப் பெரிய சாதனை என்பேன். எங்கள் ரயில் பாதையில் அந்த வசதி இல்லாததால்தான் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம்.

வென்றவனுக்கும் முதுமை

போரில் வென்ற புளூ-ரே இன்று எங்கே? படத் தட்டுகள் இன்னும் வருகின்றன. ஆனால் பெரும்பாலோர் இணையத்தின் வழியே படம் பார்க்கப் பழகிவிட்டார்கள். வெற்றியாளர் அணியின் தலைவரான சோனியே, வீட்டில் பதிவு செய்யும் புளூ-ரே வெற்றுத் தட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. 28 ரூபாய்க்குப் படம் விற்ற மோசர் பேயர் கடனில் மூழ்கியது. அதனைக் கலைக்க 2018இல் ஆணை பிறந்தது. அதற்கு முன்பே, 2016இல், வி.எச்.எஸ். நாடாக் கருவிகளைச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனம் ஃபுனாய் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது.

"அதனால் என்ன? படம்தான் கைப்பேசியிலேயே வருகிறதே" என்பீர்கள். சினிமாவுக்கு அது சரி. ஒரு படத்துக்கு ஆயிரம் பிரதிகள் இருக்கும். ஆனால் ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள படங்கள் உங்கள் வீட்டில் இல்லையா?

என் வீட்டில் இருந்தது. 2004இல் என் அக்காவின் திருமணம் நடந்தது. அதனை வீடியோ எடுத்து மூன்று வி.சி.டி. தட்டுகளாகத் தந்தார்கள். ஒவ்வொன்றின்மேலும் மணமக்கள் படம் அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. மூன்றாவது தட்டில் பந்தி. அப்பா இலை இலையாகச் சென்று, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க, கூச்சப்படாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போவார். பின்னர் அப்பா காலமானார். அவர் பேசியது பதிவான இடம் அது ஒன்றுதான். நான் பிரதி எடுக்கவில்லை. இயற்பியல் படித்தவன், ஆனாலும் எடுக்கவில்லை. "தட்டு நூறாண்டு இருக்கும்" என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன்.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலை கஜா புயல் வந்தது. எங்கள் பகுதியின் தென்னைகளை அது என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஓடுகள் பறந்தன, அலமாரி நனைந்தது. தட்டுகளைத் துடைத்து உலர வைத்தேன். நெகிழிக்குத் தண்ணீரால் என்ன ஆகிவிடும் என்ற தைரியம். சில மாதம் கழித்து எடுத்தபோது, மூன்றாவது தட்டின் தாள் நீரில் உப்பி உரிந்திருந்தது. தாளோடு ஒளிதெறிக்கும் பூச்சும் உரிந்து வந்திருந்தது. தட்டைத் தூக்கிப் பிடித்தால் அந்த இடங்களில் மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

ஏன் அப்படி? வகுப்பில் நான் பலமுறை வரைந்த படம்தான். சி.டி.யில் தடம் இருப்பது ஒளி நுழையும் அடிப்பக்கத்தில் அன்று, 1.2 மில்லிமீட்டர் நெகிழிக்கு அப்பால், மேலே ஒட்டிய தாளுக்குச் சற்றே கீழே, ஒரு மெல்லிய அரக்குப் பூச்சின் அடியில். அடிப்பக்கம் கீறினால் ஓரளவு படித்துவிடலாம். மேற்பக்கம் உரிந்தால் செய்தியே உரிந்துவிடும். இது தெரிந்த நானே தாள் ஒட்டிய பக்கத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஏட்டில் இருந்த பாடம் வீட்டு அலமாரிக்கு வரவில்லை. முதல் இரண்டு தட்டுகளைக் காப்பாற்றிவிட்டேன். தாலி கட்டும் காட்சியில் அப்பா ஒரு ஓரமாக நிற்கிறார். நாதசுர ஒலியில் அவர் பேசுவது கேட்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது

நண்பர்களே, எந்தத் தட்டு நல்லது என்ற கேள்விக்கு இப்போது என் விடையைச் சொல்கிறேன். அதிகச் செய்தி அடங்குவது மட்டும் நல்ல தட்டு அன்று. கடைமடை வீட்டுக்கும் எட்டும் விலையில், எல்லாக் கருவியிலும் ஓடக்கூடியதாய், நாளை வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ள வழி விடுவதே நல்ல தட்டு. லென்சின் கணக்கில் புளூ-ரே வென்றது. இந்தக் கணக்கில் எந்தத் தட்டும் முழு மதிப்பெண் வாங்கவில்லை. ஒரு தட்டு நிலைக்கும் என்று நம்புவதைவிட, செய்தியைத் தட்டுவிட்டுத் தட்டு மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பாதுகாப்பு. விதைநெல்லை ஒரே குதிரில் பல ஆண்டு போட்டுவைத்தா காக்கிறோம்? ஆண்டுதோறும் விதைத்து, அறுத்து, புதிதாக்கியல்லவா காக்கிறோம்!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு அலமாரியிலும் தாத்தா பாட்டி வீட்டிலும் உள்ள பழைய தட்டுகளையும் நாடாக்களையும் எடுத்து ஒரு பட்டியல் எழுதுங்கள். என்ன வகை, எந்த ஆண்டு, யார் இருக்கிறார்கள், இப்போது ஓடுகிறதா என்று நான்கு பத்தி போதும். விளிம்பைப் பிடித்து எடுங்கள், மேற்பக்கத்துத் தாளை உரிக்க முயலாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். தட்டு படிக்கும் கருவி பொருத்திய கணினி பள்ளியிலோ தெரிந்தவர் வீட்டிலோ இருந்தால், பெரியவர்கள் துணையோடு பிரதி எடுங்கள். பிரதி இரண்டு வேண்டும்; இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் புதிய பிரதி எடுங்கள்.

ஓடாமல் போன தட்டு கிடைத்தால் அதையும் எறிய வேண்டாம். சன்னலோர வெளிச்சத்தில் ஒரு சி.டி.யையும் ஒரு டி.வி.டி.யையும் அருகருகே சாய்த்துப் பாருங்கள். தட இடைவெளி குறைவான டி.வி.டி.யில் வண்ணங்கள் அதிகமாக விரிவதைக் காண்பீர்கள். புளூ-ரே தட்டு கிடைத்தால் அதில் வானவில் அவ்வளவாகத் தெரியாது. ஏன் என்று யோசியுங்கள். அதன் தட இடைவெளி 0.32 மைக்ரான், சிவப்பு ஒளியின் அலைநீளமோ அதைப்போல் இரு மடங்கு!

கடலைக் கொல்லையில் என்னிடம் கேள்வி கேட்ட தம்பி, கயிற்றில் தொங்கிய ஒரு தட்டைத் திருப்பிப் பார்த்தான். அதன்மேல் நீலமையில் யாரோ கையால் எழுதியிருந்தார்கள்: "காதுகுத்து - 2". அவன் அதை விட்டுவிட்டு, "சார், இத எடுத்துட்டுப் போய் ஓடுதான்னு பாக்கட்டுமா?" என்றான். கொல்லைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.